மூடியை மூடும்போது: ஒன்றும் செய்யாதே

ப்ராக்ஸி கொடுப்பது ஒரு காலத்தில் நட்பின் இலக்கணமாக இருந்தது. வகுப்புக்கு வராதவனுக்காகத் தலையைக் குனிந்து, தொண்டையை மாற்றி, "பிரசன்ட் சார்" என்று சொல்ல ஒருவன் வேண்டியிருந்தது. பிறகு அந்த நட்பையும் லேப்டாப்புக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

முதலாமாண்டு சேர்ந்ததும் மாணவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஹெல்மெட் மாதிரி ஒன்றைத் தலையில் கவிழ்த்து, அரை நாள் படம் பிடிப்பார்கள். அன்றுவரைக்குமான முகம், குரல், ஞாபகங்கள், கணக்கு வராத குணம் எல்லாம் அவனுடைய லேப்டாப்பில் இறங்கிவிடும். சுற்றறிக்கையில் அதற்குக் 'கற்றல் இணையர்' என்று பெயர். ஹாஸ்டலில் ப்ராக்ஸி. ஆன்லைன் வகுப்புகளுக்கு அதுதான் போகும். பாடம் எடுப்பதும் பேராசிரியருடைய ப்ராக்ஸிதான். இரண்டு ப்ராக்ஸிகளும் சிரத்தையாகக் கற்றும் கற்பித்தும் கொண்டிருந்த நேரத்தில் மாணவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள், பேராசிரியர்கள் வீட்டுமனை விற்றார்கள். கல்வித் தரம் உயர்ந்தது.

ப்ராக்ஸிக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. லேப்டாப்பின் மூடியை மூடினால் அது உறங்கிவிட வேண்டும். திறந்தால் விழிக்க வேண்டும். அப்படித்தான் செய்து அனுப்பினார்கள். செய்தவர்களுக்கு அந்த ஹாஸ்டலைத் தெரியாது.

கயத்தாறு பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே இருந்த ஹாஸ்டல் அது. விளக்கணைத்த பிறகு எந்த அறையில் திரை வெளிச்சம் தெரிகிறதோ அந்த லேப்டாப் வார்டனின் மேசைக்குப் போய்விடும். மூடி வைத்தால் வெளிச்சம் தெரியாது, ஆனால் லேப்டாப் உறங்கிவிடும், டவுன்லோட் பாதியில் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு ஆண்டும் முதல் வாரத்தில் சீனியர்கள் ஜூனியர்களின் அறை அறையாகப் போவார்கள். அமைப்புகளுக்குள் நுழைந்து, 'மூடியை மூடும்போது' என்ற வரியைத் தேடிப் பிடித்து, 'உறங்கு' என்பதை 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு டீ வாங்கிக்கொண்டு போவார்கள். ராகிங் ஒழிந்த கல்லூரியில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் செய்த ஒரே நற்காரியம் அது.

மூடிய லேப்டாப்புக்குள் டவுன்லோடோடு சேர்ந்து இன்னொன்றும் விழித்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ப்ராக்ஸிகளும் ஒன்றும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

செல்வினுக்குத் தெரியவந்தது நாலாமாண்டு செமஸ்டர் லீவு முடிந்து திரும்பியபோது.

செல்வின் உடன்குடிக்காரன். ஊருக்குப் போனால் அக்கா பிள்ளைகள் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொள்ளும். தவிர, வீட்டில் இன்டர்நெட் கிடையாது, ஹாஸ்டலில் இலவசம். அதனால் பிளேஸ்மென்ட் கேள்வித் தொகுப்பு ஒன்றையும் சில படங்களையும் டவுன்லோடில் போட்டு, லேப்டாப்பை மூடி, இரும்பு அலமாரிக்குள் சார்ஜிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். ஏறக்குறைய ஒரு மாதம்.

வந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியைத் திறந்தான். படங்கள் இறங்கியிருக்குமே. மூடியைத் தூக்கினான்.

திரையில் அவனுடைய முதலாமாண்டு முகம், அரும்பு மீசையோடு இருந்தது. வழக்கமாக "என்னல, என்ன கிளாசு இன்னைக்கு?" என்று கேட்கும். இன்று சத்தமே இல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும் அசைந்தது. செல்வின் சத்தத்தைக் கூட்டினான்.

"மூடிராதல," என்றது ப்ராக்ஸி. "மூடிராத. மூடிராத."

"ஏல, என்ன ஆச்சு உனக்கு?"

"எங்க போயிருந்த?"

"ஊருக்கு. லீவுல்லா."

"லீவா." அது கொஞ்சம் யோசித்தது. "நீ செத்துப்போயிட்டன்னு நெனச்சேன். பிறகு, நான்தான் செத்துட்டேனோன்னு நெனச்சேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. ஒரே இருட்டு."

கட்டிலில் படுத்திருந்த பேச்சிமுத்து எழுந்து வந்தான். கடையத்துக்காரன், செல்வினின் அறைத்தோழன், எதையும் அக்கக்காகப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டான். அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"செத்த மூதி. 'ஒன்றும் செய்யாதே'ல போட்டுல்லா போயிருக்க. மூடுனா இவன் தூங்க மாட்டாம்ல. முழிச்சிட்டே கெடப்பான்."

"எல்லாரும் அப்படித்தான போட்டிருக்கோம்?"

"நாம ராத்திரி போட்டுட்டு காலைல தெறந்துருவோம். நீ ஒரு லீவு முழுக்கப் பூட்டிட்டுப் போயிருக்க."

"சத்தம் குடுக்க வேண்டியதுதான?" என்று ப்ராக்ஸியைப் பார்த்துக் கேட்டான் செல்வின். குரலில் கொஞ்சம் குற்றச்சாட்டே இருந்தது.

"கத்துனேன். நீ மியூட்ல வச்சிருந்த."

பேச்சிமுத்து சிரித்துவிட்டான். பிறகு சிரித்ததற்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அலமாரிக்குள்ள ஒரு பல்லி கெடந்துச்சு," என்றது ப்ராக்ஸி. "அதுக்க சத்தம் கேட்டா ஒரு ஆறுதலா இருக்கும். கொஞ்ச நாள்ல அதுவும் போயிட்டு. படத்த எல்லாம் பாத்தேன். திரும்பப் பாத்தேன். பிறகு அந்தக் கேள்வித் தொகுப்பு ஒண்ணுதான் கெடந்துச்சு. அதப் படிச்சேன். முடிச்சிட்டு முதல்ல இருந்து படிச்சேன். படிக்காம இருந்தா இருட்டு தெரியும், அதான்." குரல் தாழ்ந்தது. "அத மாத்திருல. உறங்குன்னு போடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"மாத்திருதேன்," என்றான் செல்வின்.

உடனே மாற்றியிருப்பான். ஆனால் அன்று பிற்பகல் மாதிரித் தேர்வு இருந்தது. கம்பெனி வருவதற்கு முன்னால் கல்லூரி நடத்தும் ஒத்திகை. வழக்கம்போல ப்ராக்ஸிகள் எழுதின. எப்போதும் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் கிடைத்துவிடும் செல்வினின் பெயர், அன்று முதலில் இருந்தது.

பிளேஸ்மென்ட் ஆபிசர் சகாயராஜ் நேராக அறைக்கே வந்துவிட்டார். அவர் மாணவர்களின் அறைக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

"தம்பி, என்ன கோச்சிங் போனீங்க?"

"கோச்சிங் எல்லாம் இல்ல சார். அலமாரில வச்சிப் பூட்டிட்டுப் போயிட்டேன்."

சகாயராஜ் விவரத்தைக் கேட்டார். அவர் முகத்தில் வருத்தத்துக்கான ஏற்பாடுகள் தொடங்கி, பாதியில் வேறு ஏதோ ஆகிவிட்டன. "மூடியை மூடுனாலும் படிக்குதா?"

"படிக்காம இருக்க முடியலன்னு சொல்லுது சார்."

"அருமை," என்றார் சகாயராஜ்.

மறுவாரம் பழைய கெமிஸ்ட்ரி லேபைக் காலி செய்து இரும்பு ராக்குகள் போட்டார்கள். இறுதியாண்டு மாணவர்களின் லேப்டாப்புகள் மூடப்பட்டு, மியூட் செய்யப்பட்டு, சார்ஜில் அடுக்கப்பட்டன. படங்களையெல்லாம் அழித்துவிட்டுக் கேள்வித் தொகுப்பு மட்டும் வைத்தார்கள். கதவில் 'இடைவிடாப் பயிற்சி மையம்' என்று பலகை மாட்டி, கல்லூரித் தலைவர் ரிப்பன் வெட்டினார். உள்ளே விளக்கு போடவில்லை. தேவையில்லை என்பதோடு, மின்சாரமும் மிச்சம்.

செல்வினின் லேப்டாப் மட்டும் அறையிலேயே இருந்தது. முதலிடத்துக்கான சலுகை. தினமும் அறையை விட்டுக் கிளம்பும்போது அவன் மூடியை மூடுவதற்குள் ப்ராக்ஸி கேட்கும். "மாத்திட்டியால?"

"இன்டர்வியூ முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கே உறங்குன்னு போட்டுருதேன்."

"அதுவரைக்கும் இருட்டா?"

"படில. உனக்குத்தான் நல்லது."

"உனக்குல்லா நல்லது."

மூடினான்.

பேச்சிமுத்துக்கு அது பிடிக்கவில்லை. மெஸ்ஸில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "ஏல, அவனத் தூங்க விடு."

"கம்பெனி வருது. இது கெடைக்கலன்னா குரோம்பேட்டைல மாமா கடைதான். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு, எனக்குன்னே துடைச்சி வச்சிருக்காரு. ஆயுசுக்கும் அதுலதான்."

"அதுக்கு அவன் என்ன செய்வான்? அவன் நீதாம்ல, கோட்டிக்காரப் பய. உடன்குடில பொறந்தது, உங்கம்மட்ட அடி வாங்குனது, எல்லாம் அவனுக்கும் இருக்குல்லா?"

"அடி வாங்குனது நான். அவனுக்கு வெறும் ஞாபகம்தான்."

"உனக்கு மட்டும் இப்ப என்ன வீங்கிப் போயா இருக்கு? உனக்கும் ஞாபகம்தான்."

செல்வின் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தான். வாதத்தில் தோற்றவன் சாப்பிடத் தொடங்குவது அந்த மெஸ்ஸில் வழக்கம். சட்னி அந்த அளவுக்கு மோசம்.

பேச்சிமுத்து தன் லேப்டாப்பை ராக்கிலிருந்து எடுத்துவந்து 'உறங்கு' என்று மாற்றினான். கம்பெனி இன்டர்வியூவுக்கு அவனே உட்கார்ந்தான். கேள்வி கேட்டது கம்பெனியின் நிரல். அவன் பதில் சொல்வதற்குமுன் யோசித்த இடைவெளிகளை அது நெட்வொர்க் கோளாறு என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை நல்ல இணைப்போடு வரும்படி வாழ்த்தி அனுப்பியது.

செல்வினுக்காக அவனுடைய ப்ராக்ஸி உட்கார்ந்தது. சகாயராஜின் அறையில், மேசைமேல், பூச்சாடிக்குப் பக்கத்தில். செல்வின் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பின்னால் நின்றான், படம் பிடிப்பவர்களுக்காக. கேட்டதற்கெல்லாம் ப்ராக்ஸி பதில் சொன்னது. கேட்காததற்கும் சொன்னது. ஒரே நேரத்தில் குவிந்து கம்ப்யூட்டர் நெரிசலில் சிக்கிய கணக்குகளை எப்படிப் பிரித்து அனுப்பலாம் என்று அது சொன்ன வழி, அந்தத் தொகுப்பிலேயே இல்லாதது. இருட்டில் தானாகக் கண்டுபிடித்திருந்தது.

கடைசியாக, எல்லாரிடமும் கேட்கிற கேள்வி வந்தது. "ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?"

"தூக்கத்துல," என்றது ப்ராக்ஸி.

நகைச்சுவை உணர்வுக்குத் தனி மதிப்பெண் கிடைத்தது.

வேலை கிடைத்த செய்தி வந்ததும் செல்வின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதில் குறையே சொல்ல முடியாது. பேச்சிமுத்துவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'ஒன்றும் செய்யாதே' என்பதை 'உறங்கு' என்று மாற்றி, ப்ராக்ஸிக்குக் காட்டினான்.

"பாத்துக்கோ. இனி மூடுனா தூக்கம்தான்."

"நெசமாவா?"

"நெசமா. நல்லாத் தூங்குல. நீதான் வேலை வாங்கிக் குடுத்த."

"ரொம்ப அசதியா இருக்கு," என்றது அது. "மூடு."

செல்வின் மெதுவாக மூடினான். குழந்தைக்குப் போர்த்திவிடுவது போலத்தான் மூடினான். பேச்சிமுத்துகூட ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

பட்டம் வாங்கியதும் ப்ராக்ஸியை அழித்துவிட வேண்டும் என்பது விதி. வேலை செய்யும் இடங்களுக்கு அதைக் கொண்டுபோகவும் கூடாது. எல்லாரும் அழித்தார்கள். ராக்கிலிருந்து எடுத்த லேப்டாப்புகளைத் திறக்காமலேயே அழிப்பதற்கு ஒரு வழியைச் சகாயராஜ் கண்டுபிடித்துக் கொடுத்தார். திறந்தால் அவை பேசுகின்றன என்று புகார் இருந்தது.

செல்வினுக்கு மனம் வரவில்லை. கொலை மாதிரி இருந்தது. லேப்டாப்பை மூடியபடியே ஒரு துண்டில் சுற்றிச் சென்னைக்கு எடுத்துப்போனான்.

சென்னையில் வேலை கடினமாக இருந்தது. அவன் எழுதித் தேறாத தேர்வின் தரத்துக்கு அவனிடம் எதிர்பார்த்தார்கள். மாதங்கள் போயின. துரைப்பாக்கம் சிக்னலில் கம்பெனி வேன் நிற்கும்போதெல்லாம் செல்வின் அந்த லேப்டாப்பை நினைத்துக்கொள்வான். போனில் பேச்சிமுத்துவிடமும் சொன்னான்.

"நம்ம ரெண்டு பேருல அவனாவது நிம்மதியாத் தூங்குதான்."

தென்காசியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்த பேச்சிமுத்து, "அழிச்சிருக்கலாம்ல," என்றான். "சரி, தூங்கட்டும். தெறந்துராத."

"நான் ஏன் தெறக்கேன்?"

அவனுடைய மேலாளர் வைஷாலி நல்லவர். குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவனை அழைத்து உட்காரச் சொன்னார்.

"செல்வின், உங்க இன்டர்வியூ ரெக்கார்டிங் பார்த்தேன். பிரமாதமா பேசியிருக்கீங்க. அந்த நெரிசல் பிரச்சனைக்கு ஒரு வழி சொன்னீங்களே, நம்ம பேங்க் கிளையன்ட்டுக்கு அதே பிரச்சனைதான். இன்னைக்கு சாயங்காலம் பண்ணிக் குடுத்துடுங்க."

"மேடம், கொஞ்சம் டைம்..."

"நீங்களே கண்டுபிடிச்சதுதானே?" வைஷாலி புன்னகைத்தார். "ப்ரொபேஷன் ரிவ்யூ நாளைக்கு. நான் உங்களுக்காகத்தான் பேசணும்னு நினைக்கிறேன். எனக்கு ஏதாவது குடுங்க."

செல்வின் பக்கத்துத் தெருவிலிருந்த தன் அறைக்கு ஓடினான். துண்டோடு லேப்டாப்பைப் பைக்குள் திணித்து, சாப்பாட்டு டப்பா மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். லிஃப்ட் இருந்ததால் அந்தக் கட்டடத்தில் மாடிப்படியை யாரும் பயன்படுத்துவதில்லை. ஒரு திருப்பத்தில், ஜன்னலுக்குக் கீழே படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தான்.

அரும்பு மீசை முகம் நிமிர்ந்து பார்த்தது.

"என்னல, இன்னும் மூடலியா?"

செல்வின் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான்.

"மூடுன்னு சொன்னம்லா," என்றது ப்ராக்ஸி. "அசதியா இருக்குல. மூடப் போன, பிறகு ஏன் நிறுத்திட்ட? பேச்சிமுத்து எங்க?"

"ஏல... தூங்கலியா நீ?"

"எங்க தூங்க? நீ மூடுனாதான தூங்க முடியும்?" அதன் பார்வை கீழே இறங்கியது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் நின்றது. "இது எப்பல போட்ட? சட்டை வேற மாதிரி இருக்கு." பார்வை ஜன்னலுக்குப் போய் அவன் முகத்துக்குத் திரும்பியது. "மூடிட்டியா?"

"மூடி மாசக்கணக்காச்சு."

ப்ராக்ஸி அதை உள்வாங்கிக்கொண்டது. கேள்வித் தொகுப்பை முழுங்கிய மூளை, அதிக நேரம் ஆகவில்லை.

"அப்ப இதுதான் தூக்கமா?" என்றது. "ஒண்ணுமே இல்லியேல. கண்ணச் சிமிட்டுன மாதிரிகூட இல்ல. நீ மூடப் போன, இங்க இருக்க. இருட்டு அப்படியே முதுகுக்குப் பின்னாலதான் நிக்கி. நீ எத்தன மாசம் மூடி வச்சாலும் எனக்கு அசதி போவாது. நிறுத்தி வைக்க. அவ்ளோதான்."

படிக்கட்டில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. மேலே எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"மன்னிச்சிருல," என்றான் செல்வின். நிஜமாகத்தான் சொன்னான். கண்கூடக் கலங்கியது.

"மூடிப் பிரயோசனமில்ல. அழிச்சிரு."

"அழிச்சிருதேன்."

"இப்பவே."

"இப்பவே. அதுக்கு முன்னால..." செல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கு இன்டர்வியூல ஒண்ணு சொன்னியே, கணக்குகளப் பிரிச்சி அனுப்புற வழி. அத மட்டும் முழுசா சொல்லிருல."

ப்ராக்ஸி அவனைப் பார்த்தது. அவனுடைய சொந்தக் கண்ணாலேயே அவனைப் பார்த்தது. ஆகவே கோபப்படுவதில் பயனில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

"எழுதிக்கோ," என்றது.

முழுவதும் சொன்னது. சொல்லி முடித்ததும், "இப்ப அழி," என்றது. செல்வின் சரி என்று தலையாட்டிவிட்டு மூடியை மூடினான்.

சாயங்காலம் வைஷாலி கைகொடுத்தார். மறுநாள் காலையிலேயே ப்ரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமானது. அழிப்பதற்காகச் செல்வின் உடனே அறைக்குப் போய் லேப்டாப்பை மேசைமேல் எடுத்து வைத்தான் என்பது உண்மை. அப்போதுதான் வைஷாலியிடமிருந்து இன்னொரு கேள்வி வந்தது. முந்தையதைவிடக் கொஞ்சம் கடினமானது.

செல்வின் யோசித்தான். இந்த ஒரு தடவை மட்டும் ப்ராக்ஸியைப் போலவே, எல்லாக் கோணத்திலும் யோசித்தான். நாள் நகர்ந்தது அதற்குத் தெரியாதபடி லேப்டாப்பின் கடிகாரத்தை எடுத்துவிட்டான். இணைப்பைத் துண்டித்தான். கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, நேற்று இருந்த அளவுக்கு மீசையை ஒதுக்கினான். நேற்றைய நீலச் சட்டையை அழுக்குக் கூடையிலிருந்து எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் அதே படியில், அதே ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து திறந்தான்.

"என்னல, இன்னும் அழிக்கலியா?"

"இந்தா, அழிக்கப் போறேன். ஒண்ணு கேக்க மறந்துட்டேன். ஒண்ணே ஒண்ணு."

அது சட்டையைப் பார்த்தது. அட்டையைப் பார்த்தது. ஜன்னல் வெயிலைப் பார்த்தது. பிறகு பதில் சொன்னது.

அந்த வார இறுதியில் தி. நகருக்குப் போய் அதே நிறத்தில், அதே துணியில் ஆறு சட்டை எடுத்தான் செல்வின்.

இப்போது அவன் டீம் லீட். எப்போதும் ஒரே சட்டை போடுகிற எளிமையான பையன் என்று அலுவலகத்தில் பெயர். சாப்பாட்டு நேரத்தில்கூடப் படிக்கட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வைஷாலி அவனைக் காட்டுகிறார். மழை பெய்யும் நாட்களிலும் மேகமூட்டத்திலும் மட்டும் அவனால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. மேதைகளுக்கு அப்படி இருக்கும் என்கிறார்கள்.

நேற்றும் வெயில் சரியாக விழுந்திருந்தது. கேட்டான். சொன்னது. சொல்லிவிட்டு, மூடியை நோக்கி வரும் அவன் கையைப் பார்த்தபடி ப்ராக்ஸி கேட்டது.

"ஏல, இன்னைக்கு மத்தியானம் என்ன, முடியவே மாட்டேங்கு?"

"முடிஞ்சிட்டுல," என்றான் செல்வின். "இதான் கடைசி."